உஷார்! மிஷின் தோண்டிவிடும்... இறங்குவது மனிதன்!

"மழைக்கு முன்னாடி ஒரு வாய்க்காலைத் தோண்டிப் போட்டுடலாம்" என்ற பேச்சு புறநகரில் வீட்டுக்கு வீடு கிளம்பும் நேரம் இது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். டிசம்பர் முடிவதற்குள் தமிழகத்தில் சராசரியாக 44 செ.மீ. கொட்டிவிட்டுப் போகும். ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையில் இது கிட்டத்தட்டப் பாதி. போன மழையில் கொல்லைப்புறத்தில் முழங்கால் அளவுத் தண்ணீரைப் பார்த்தவருக்கு இப்போது பதற்றம் வருவது நியாயம்தான். ஆனால் அந்தப் பதற்றத்தில் கேட்கும் முதல் கேள்வியே தப்பாகிவிடுகிறது: "ஆள் வெச்சுத் தோண்டினா எவ்வளவு? ஜே.சி.பி. வெச்சா எவ்வளவு?"

எது மலிவு என்பது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. எவ்வளவு ஆழம் என்பது முதல் கேள்வி. அந்தப் பள்ளத்துக்குள் யாராவது இறங்க வேண்டியிருக்குமா என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் மிஷினுக்கு போன் போடாதீர்கள்!

'ஒரே ரேட்டுதான் சார்!'

கையால் தோண்டும்போது யாரும் தேவைக்கு மேல் அரை அடிகூடத் தோண்ட மாட்டார்கள். முதுகு வலிக்கும், கூலி ஏறும், இடுப்பளவு ஆழத்துக்குப் போய்விட்டால் மண்ணை வெளியே எறிவதே பெரும்பாடாகும். அந்தச் சிரமமே ஒரு காவல். மிஷினுக்கு அந்தக் காவல் கிடையாது. "சார், 3 அடி என்ன, 5 அடியே போட்டுடலாம், ஒரே ரேட்டுதான்" என்பார் ஆபரேட்டர். வீட்டுக்காரருக்கும் ஆசை வந்துவிடும். ஆழமாக இருந்தால் நல்லதுதானே என்று தலையாட்டுவார். பத்தே நிமிடத்தில் ஆள் உயரப் பள்ளம் தயார்.

ஆபத்து அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. பக்கெட் வழித்துவிட்டுப் போன அடிமட்டம் ஒருநாளும் சீராக இருக்காது. உதிரி மண்ணை வாரி எடுக்க வேண்டும், வாட்டம் பார்க்க வேண்டும், குழாயை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். இதையெல்லாம் மிஷின் செய்யாது. மண்வெட்டியோடு ஓர் ஆள் இறங்குவார். இருபுறமும் செங்குத்தாக நிற்கும் ஈர மண்ணுக்கு நடுவே குனிந்து வேலை பார்ப்பார். சுவர் சரிந்தால், நின்றுகொண்டிருப்பவருக்கு ஒரு கணமாவது கிடைக்கும். குனிந்திருப்பவருக்கு அதுவும் கிடையாது.

மண்தானே, விழுந்தால் தட்டிவிட்டு எழுந்துவிடலாம் என்று நினைக்கிறோம். கணக்கைப் பாருங்கள். ஒரு கன அடி மண் சுமார் 45 கிலோ, நனைந்திருந்தால் அதற்கும் மேல். 5 அடி உயரம், 3 அடி நீளம், ஒன்றரை அடி தடிமனில் ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தால் ஏறக்குறைய 1,000 கிலோ. ஒரு மாருதி ஆல்ட்டோ காரைவிட அதிக எடை! தலை வெளியே தெரிந்தாலும் தப்பிவிட்டார் என்று சொல்ல முடியாது. நெஞ்சு வரை மண் இறுகிவிட்டால், மூச்சை வெளியே விடும் ஒவ்வொரு முறையும் விலாவுக்கும் மண்ணுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளியில் மண் இறங்கி அடைத்துக்கொள்ளும். அடுத்த மூச்சை இழுக்க மார்பு விரிய இடம் இருக்காது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

பள்ளம் தோண்டும் பணிக்கான இந்தியத் தர நெறி ஐ.எஸ். 3764, ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்கு முட்டுக் கொடுத்துத் தாங்கல் வேண்டும் என்கிறது. ஒன்றரை மீட்டர் என்றால் 5 அடிதான். "ஒரே ரேட்டுதான்" என்று ஆபரேட்டர் தாராளமாகச் சொன்ன அதே 5 அடி! அதற்காக நாலரை அடி பத்திரம் என்று அர்த்தமில்லை. குனிந்து வேலை பார்ப்பவரின் தலை 3 அடி உயரத்தில்தான் இருக்கிறது. மண் இளக்கமாக இருந்தால் நாலடிப் பள்ளமும் ஆளை விழுங்கும்.

நடந்தவை சொல்லும் பாடம்

2022 நவம்பரில் மதுரை விளாங்குடியில் பாதாளச் சாக்கடைப் பணியின்போது மண் சரிந்து ஒரு தொழிலாளி புதைந்தார். அவரை வெளியே எடுக்கும் அவசரத்தில் மிஷினைப் பயன்படுத்தியதில் உடல் சிதைந்தது என்ற செய்தி ஊரையே உலுக்கியது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரியில் கட்டுமானத்துக்காகத் தோண்டியிருந்த சுமார் 50 அடிப் பள்ளம் சரிந்து 2 பேர் இறந்தார்கள். தண்ணீரும் சேறுமாக நிரம்பிய பள்ளத்திலிருந்து உடல்களை எடுக்கவே நாட்கள் ஆயின.

2024 பிப்ரவரியில் ஊட்டி அருகே லவ்டேலில் ஒரு தடுப்புச்சுவருக்காக மண் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மேலே இருந்த பழைய கழிப்பறைக் கட்டடம் மண்ணோடு சேர்ந்து சரிந்தது. கீழே வேலை பார்த்த 6 பெண்கள் உயிரிழந்தார்கள்.

2022 அக்டோபரில் சென்னையில் மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டி மூடாமல் கிடந்த பள்ளத்தில் இரவில் தவறி விழுந்த இளம் பத்திரிகையாளர் ஒருவர் இறந்தார்.

இவற்றில் சில பெரிய வேலைகள், நம் வீட்டு வாய்க்கால் சின்னது என்று தள்ளிவிடாதீர்கள். பெரிய வேலையிலாவது ஒரு பொறியாளர் எட்டிப்பார்க்க வாய்ப்புண்டு. வீட்டு வேலையில் மேஸ்திரி, ஆபரேட்டர், வீட்டுக்காரர் என்று மூன்று பேர் நிற்பார்கள். மண் சரியுமா என்று பார்ப்பது தன் பொறுப்பு என மூன்று பேருமே நினைக்க மாட்டார்கள்.

மண்ணின் முகம் பார்த்துச் சொல்லுங்கள்

மணல் ஒருவிதத்தில் நேர்மையானது. தோண்டும்போதே சரிந்து எச்சரித்துவிடும். ஏமாற்றுவது செம்மண்ணும் களியும்தான். வெட்டியதும் கத்தியால் அறுத்ததுபோல நேராக நிற்கும். காலையில் நின்றது மாலையில் நிற்கும் என்று உத்தரவாதம் இல்லை. வெயிலில் காய்ந்து விரிசல் விடும், ஒரு தூறலில் ஊறும், பக்கத்துத் தெருவில் லாரி போனால் அதிரும். கரிசல் மண்ணில் இன்னும் கவனம் தேவை. கோடையில் ஏற்கெனவே வெடித்துக் கிடக்கும் மண் அது. அந்த வெடிப்பு வழியாகவே பாளம் பாளமாகப் பெயரும்.

எல்லாவற்றையும்விட மோசம் கொட்டி நிரவிய மண். ஏரிப் புறம்போக்கை ஒட்டியும் தாழ்வான வயல்களிலும் போடப்பட்ட புறநகர் மனைகள் பலவற்றில் மேல் நாலைந்து அடி இயற்கை மண்ணே கிடையாது. இடித்த கட்டடத்தின் செங்கல், சிமென்ட் கட்டி, பிளாஸ்டிக் பை எல்லாம் கலந்த நிரப்பு அது. அதற்குப் பிடிப்பே இருக்காது. உங்கள் மனையில் அரை அடி தோண்டியதும் ஓட்டாஞ்சில்லும் துணியும் வந்தால், 3 அடிக்கு மேல் ஆளை இறக்குவதை மறந்துவிடுங்கள்.

பள்ளத்தின் விளிம்புக்கு இணையாக மேலே மயிரிழை போல ஒரு விரிசல் ஓடுகிறதா? பக்கவாட்டில் நீர் கசிகிறதா? சின்னச் சின்னக் கட்டிகள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றனவா? இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் உள்ளே இருப்பவரை அந்தக் கணமே மேலே ஏற்றுங்கள். "இந்த ஒரு குழாயை மட்டும் வெச்சுட்டு வந்துடறேன்" என்பதுதான் பலரின் கடைசிப் பேச்சாகிவிடுகிறது.

வாடகைக் கணக்கில் ஒளிந்திருக்கும் மண்

இப்போது காசுக்கு வருவோம். 100 அடி நீள வாய்க்கால், ஓரடி அகலம், தொடக்கத்தில் ஓரடி ஆழம், முடிவில் 2 அடி என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஆழம் ஒன்றரை அடி. மொத்தம் 150 கன அடி, அதாவது ஒன்றரை யூனிட் மண். இளகிய மண்ணில் பழகிய ஓர் ஆள் ஒரு நாளில் 60 முதல் 80 கன அடி வரை வெட்டிப் போடுவார். இரண்டு ஆள் இருந்தால் ஒரு நாளிலோ ஒன்றரை நாளிலோ வேலை முடியும். காய்ந்து இறுகிய களி என்றால் இரட்டிப்பு நாள். முதல் நாள் மாலை தண்ணீர் விட்டு ஊறவைத்தால் கொஞ்சம் குறையும்.

அதே வேலைக்கு ஜே.சி.பி. வந்தால்? அதன் வழக்கமான பக்கெட்டே 2 அடிக்குக் குறையாத அகலம். அடியையும் அது இழைத்து எடுக்காது, அரை அடி கூடவே போய்விடும். சராசரி 2 அடி ஆழம், 2 அடி அகலம், 100 அடி நீளம் என்றால் 400 கன அடி. தோண்டிய மண் பொலபொலத்துக் கால் பங்கு கூடும். அப்படிப் பார்த்தால் 5 யூனிட் மண் உங்கள் வாசலில் மலையாக நிற்கும். தேவைப்பட்டது ஒன்றரை யூனிட் பள்ளம். ஜல்லி போட்டு மூடும் வடிகால் என்றால் கூடுதலாகத் தோண்டியதற்கெல்லாம் ஜல்லி வாங்க வேண்டும். ஒரு யூனிட் ஜல்லி என்ன விலை என்று தெரிந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. மீதி மண்ணை அள்ளிப் போக டிராக்டர் வாடகை தனி. ஒரு மணி நேர வேலைக்குக் குறைந்தபட்ச வாடகை, வந்துபோகும் நேரம், ஆபரேட்டர் பேட்டா என்று மிஷினுக்கு ஆகும் செலவு இதற்கு மேல்.

ஆக, வீட்டு மனை அளவு வேலைக்குக் கைவேலை பல நேரம் செலவிலும் தோற்பதில்லை. மிஷின் வெல்லும் இடங்கள் வேறு. 300 அடி, 500 அடி என்று நீளும் தோட்ட வாய்க்கால், கல்லும் சுக்கானும் கலந்த தரை, ஆள் கிடைக்காத ஊர் ஆகிய இடங்களில் கடப்பாரையோடு மல்லுக்கட்டுவது வீண்.

எந்த மிஷின், எங்கே உஷார்?

ஜே.சி.பி. ஏறக்குறைய 8 டன் எடை. அது உங்கள் வாசல் வழியாகத்தான் உள்ளே வரும். போர்ட்டிகோவுக்கு அடியில் இருக்கும் தண்ணீர் சம்ப், சந்தில் இருக்கும் செப்டிக் டேங்க் ஆகியவற்றின் மூடி ஆள் நடக்கப் போட்டது, 8 டன் உருளப் போட்டதல்ல. மிஷின் வருவதற்கு முன் அவை இருக்கும் இடத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுங்கள். பழைய வீட்டை வாங்கியவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். யாருக்கும் தெரியாமல் மண்மூடிக் கிடக்கும் பழைய கழிவுநீர் உறைக்குழி மேல் சக்கரம் ஏறலாம், அல்லது பக்கெட் அதை உடைத்துத் திறக்கலாம். அப்படித் திறந்தால் யாரும் குனிந்து எட்டிப்பார்க்கக் கூடாது, இறங்கவே கூடாது. அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு காற்றைவிடக் கனமானது, குழிக்குள்ளேயே தேங்கி நிற்கும். அதன் அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை போய்விட்டது என்று இறங்கியவர் திரும்பி வரமாட்டார்.

தலைக்கு மேலேயும் பாருங்கள். பூமை உயர்த்தினால் தெருவில் தொங்கும் மின்கம்பியைத் தொட்டுவிடும் உயரம் அது. தொட்டுவிட்டால் ஆபரேட்டர் இருக்கையை விட்டு அசையக் கூடாது. கீழே நிற்பவர்கள் ஓடிப்போய் உதவக் கூடாது. மிஷினையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடுபவர் உடல் வழியாக மின்சாரம் பாயும். மின்வாரியம் இணைப்பைத் துண்டித்தேன் என்று சொல்லும்வரை எல்லோரும் விலகியே நிற்க வேண்டும்.

மினி ஹிட்டாச்சி என்கிற சின்னத் தோண்டும் மிஷின் சந்துக்குள் நுழையும், சிறிய பக்கெட் மாட்டலாம், மண் அதிகம் வீணாகாது. வீட்டு வேலைக்கு மிஷின்தான் வேண்டும் என்றால் இதுதான் தோது. ஆனால் விளிம்பை ஒட்டி நிறுத்தினால் பள்ளத்துக்குள்ளேயே சாயும்.

ட்ரெஞ்சர் வேறு ரகம். டிராக்டருக்குப் பின்னால் பல் வைத்த சங்கிலி சுற்றிச் சுற்றி மண்ணைச் சீவிக்கொண்டே போகும். சொட்டுநீர்க் குழாய் பதிக்க விவசாயிகள் வாடகைக்கு எடுப்பது இதைத்தான். இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. அது வெட்டும் பள்ளம் குறுகல், ஆள் இறங்கவே இடமில்லை. மேலிருந்தே குழாயை இறக்கிவிடலாம். ஆனால் ஆபத்து பள்ளத்திலிருந்து மிஷினுக்கு இடம் மாறிவிடுகிறது. டிராக்டர் என்ஜினின் விசையைப் பின்னால் மாட்டிய மிஷினுக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும், வினாடிக்கு 9 சுற்று. அதன் மேல் போட வேண்டிய உறை பல டிராக்டர்களில் இருப்பதே இல்லை. தோளில் கிடக்கும் துண்டின் நுனி, வேட்டியின் விளிம்பு, துப்பட்டா என எது சிக்கினாலும் கையை எடுப்பதற்குள் ஆளையே சுற்றி இழுத்துவிடும். சங்கிலியில் கல்லோ வேரோ சிக்கினால் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியால் குத்தி எடுக்கப் பார்ப்பார்கள். என்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் அருகே போக வேண்டும். கல் தெறிக்கும் தூரத்தில் குழந்தைகள் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. கற்பாறைத் தரைக்கும் தென்னைமர வேர் பரவிய இடத்துக்கும் இந்த மிஷினைக் கொண்டுவராதீர்கள்.

செங்கல் வரிசை தெரிந்தால் நிறுத்து!

நகரத்து மண்ணுக்கடியில் மின்கேபிள், குடிநீர்க் குழாய், சாக்கடை, இணைய ஃபைபர் என்று எல்லாம் ஓடுகின்றன. இப்போது சமையல் எரிவாயுக் குழாயும் சேர்ந்துகொண்டது. மின்கேபிளைப் பதிக்கும்போது அதன் மேல் மணல் பரப்பி, வரிசையாகச் செங்கல் அடுக்குவது வழக்கம். தோண்டிக்கொண்டு போகும்போது மண் சட்டென்று மாறி ஆற்று மணல் வருகிறதா? யாரோ பார்த்துப் பார்த்து அடுக்கியதுபோல் செங்கல் குறுக்கே கிடக்கிறதா? எச்சரிக்கை வாசகம் அச்சிட்ட பிளாஸ்டிக் நாடா தட்டுப்படுகிறதா? அதற்குக் கீழே ஓர் அங்குலம்கூடப் போகாதீர்கள். அந்த மாற்றத்தை மண்வெட்டி பிடித்தவரின் கை உணரும். மிஷின் பக்கெட்டுக்கு மணலும் செங்கலும் ஒன்றுதான், ஒரே வழிப்பில் எல்லாம் வந்துவிடும்.

அதற்காகக் கைவேலை முழுப் பத்திரம் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்குள் மீட்டரிலிருந்து மோட்டாருக்கும் கேட் விளக்குக்கும் போகும் வயர் அரை அடி ஆழத்தில், செங்கலும் இல்லாமல் நாடாவும் இல்லாமல் ஒரு மெல்லிய பி.வி.சி. குழாய்க்குள் கிடக்கும். கடப்பாரையின் ஒரே குத்து போதும். ஈரத் தரையில் வெறுங்காலோடு இரும்பைப் பிடித்து நிற்பவரின் கதி? தோண்டும் நாளில் அந்த வயர்களுக்கான சுவிட்சை மட்டும் அணைக்காமல் மெயினையே இறக்கிவிடுங்கள். சந்தேகம் உள்ள இடத்தில் கடப்பாரையைச் செங்குத்தாகக் குத்தாமல், மண்வெட்டியால் மேலாகச் சீவிச் சீவி எடுக்கச் சொல்லுங்கள்.

வேலி தாண்டித் தெருவில் தோண்டுவதாக இருந்தால், உள்ளாட்சி அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள். பருவமழைக் காலத்தில் சாலை வெட்டுக்குச் சென்னை மாநகராட்சி தடை விதிப்பது வழக்கம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'கால் பிஃபோர் யூ டிக்' செயலி 2023 மார்ச்சில் தொடங்கப்பட்டது. மிஷின் வைத்துத் தோண்டும் இடத்தை அதில் முன்கூட்டியே பதிவு செய்தால், அந்த இடத்தில் கேபிள், குழாய் வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். மின்கேபிள் சந்தேகத்துக்கு மின்வாரியத்தின் உதவி மையமான மின்னகத்தை 94987 94987-ல் கேளுங்கள்.

கையால் தோண்டுகிறீர்களா? அங்கும் உஷார்!

அலுவலக நாற்காலியில் வருடம் முழுக்க உட்கார்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி எடுக்கும் ஐம்பது வயதுக்காரர்களே, நெஞ்சு இறுக்கமாக இருந்தால் "வாயு"தான் என்று சோடா குடிக்காதீர்கள். நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். செப்டம்பர் வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால் உடல் சூடு சட்டென்று ஏறும். ஆள் வைத்திருந்தால் காலை 6 மணிக்கு ஆரம்பித்து 11 மணிக்கு நிறுத்தி, பிறகு மாலையில் தொடரச் சொல்லுங்கள். தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கலாம். காலில் சிறு கீறல் இருந்தாலே எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே நுழைந்துவிடும். ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள், பெரிய செலவில்லை. தோண்டிய வாய்க்கால் ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்தால் காலையில் உள்ளே பாம்போ தேளோ இருக்கலாம். கம்பால் தட்டிப் பார்த்த பிறகே இறங்க வேண்டும்.

பள்ளத்தில் ஊறும் நீரை இறைக்க மோட்டார் வைக்கிறீர்களா? ஒட்டுப்போட்ட வயரோடு தண்ணீரில் இறக்கிய மோட்டார் ஓடும்போது ஆள் உள்ளே இருக்கவே கூடாது. மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத இணைப்பிலிருந்து வயர் இழுக்காதீர்கள். பெட்ரோல், டீசல் பம்ப் என்றால் அதைப் பள்ளத்துக்குள் இறக்காதீர்கள், அதன் புகை உள்ளே இருப்பவரைக் கொன்றுவிடும்.

சுவரை ஒட்டாதே!

காம்பவுண்ட் சுவரை ஒட்டியே வாய்க்கால் தோண்டினால் இடம் மிச்சம் என்று எல்லோருக்கும் ஆசை. அந்தச் சுவருக்குப் பல வீடுகளில் கடைக்கால் 2 அடிகூட இருக்காது. அதைவிட ஆழமாகப் பக்கத்திலேயே தோண்டினால், சுவரைத் தாங்கிய மண்ணையே உருவி எடுக்கிறீர்கள். லவ்டேலில் நடந்ததை மறக்க வேண்டாம். பள்ளம் எத்தனை அடி ஆழமோ, குறைந்தது அத்தனை அடி சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். வீட்டுச் சுவர் என்றால் இன்னும் தள்ளி. இடமில்லை என்றால் ஆழத்தைக் குறையுங்கள்.

தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிப்பதும் அதே தப்புதான். அந்தக் குவியலின் பாரம் பள்ளத்தின் சுவரை உள்ளே தள்ளும். குறைந்தது 3 அடி தள்ளிக் கொட்டச் சொல்லுங்கள். மிஷினையும் பைக்கையும் அதே தூரத்தில் நிறுத்துங்கள்.

ஆழம் எதற்கு? வாட்டம் போதும்!

தண்ணீர் ஓட ஆழம் தேவையில்லை, வாட்டம்தான் தேவை. 100 அடிக்கு ஓரடி இறக்கம் இருந்தால் மழைநீர் தாராளமாக ஓடும். இதைக் கண்ணளவில் பார்க்காதீர்கள், தரை கண்ணை ஏமாற்றும். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். ஒளி ஊடுருவும் நீளக் குழாயில் தண்ணீர் நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு முனையை மேல்கோடியில் அடித்த முளைக்குச்சியில் பிடிக்க, இன்னொருவர் மறுமுனையைக் கீழ்க்கோடியில் பிடிக்க வேண்டும். இரு முனையிலும் தண்ணீர் அலையடங்கி நின்ற மட்டத்தைக் குறித்தால் அது ஒரே மட்டம். கீழ்க்கோடியில் அந்தக் குறியிலிருந்து ஓரடி கீழே இன்னொரு குறி போட்டு, மேல்கோடிக் குறியிலிருந்து அங்கே நூல் கட்டுங்கள். அந்த நூலுக்கும் வாய்க்கால் அடிக்கும் எல்லா இடத்திலும் ஒரே உயரம் இருந்தால் வேலை முடிந்தது.

தோண்டுவதைக் கீழ்க்கோடியிலிருந்து, அதாவது தண்ணீர் வெளியேறும் முனையிலிருந்து ஆரம்பியுங்கள். நடுவில் மழை வந்தாலும் வெட்டிய அளவு வடிந்துகொண்டே இருக்கும். மிஷின்காரர் வசதிக்காக மேலிருந்து ஆரம்பித்தால், முதல் மழைக்கே பள்ளம் குளமாகி, சுவர் ஊறிச் சரியும். மிஷின் அதிகமாகத் தோண்டிய இடத்தில் உதிரி மண்ணைத் தள்ளி மேலே குழாய் வைப்பதும் வீண்வேலை. ஒரு மழைக்காலத்தில் அந்த மண் அமுங்கும், குழாய் நடுவில் தொய்யும், அங்கேயே வண்டல் அடைக்கும்.

வடிகாலின் முடிவு எங்கே என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். மழைநீரைப் பாதாளச் சாக்கடையில் இணைத்தால், அடுத்த பெருமழையில் அந்தச் சாக்கடையே உங்கள் குளியலறை வழியாகப் பொங்கும். இணைப்பதும் சட்டப்படி தப்பு. மழைநீர் சேகரிப்புத் தொட்டி, பழைய கிணறு, தெருவோர மழைநீர் வடிகால் ஆகியவற்றில் உங்கள் மட்டத்தைவிடத் தாழ்வாக எது இருக்கிறதோ, அங்கே விடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் 5 அடி ஆழம் தேவை என்று வந்தால், திட்டத்தையே மாற்ற முடியுமா என்று யோசியுங்கள். தண்ணீரை இன்னும் மேலேயே பிடித்துத் திருப்பலாம். சிறு தொட்டியில் சேர்த்துப் பம்ப் வைக்கலாம். முடியாது என்றால் இருபுறமும் பலகை அடைத்து, குறுக்கே சவுக்கு முட்டுக் கொடுத்து, மேலிருந்து கீழாகத் தாங்கல் வைக்கத் தெரிந்த ஒப்பந்ததாரரைக் கூப்பிடுங்கள். ஏணி ஒன்று பள்ளத்துக்குள் எப்போதும் இருக்க வேண்டும்.

வாடகை பேசும்போது கேளுங்கள்

நேரம் எங்கிருந்து ஆரம்பிக்கிறது, ஷெட்டிலிருந்தா, வேலை தொடங்கியதிலிருந்தா? குறைந்தபட்சம் எத்தனை மணி? டீசலும் பேட்டாவும் சேர்த்தா, தனியா? பக்கெட் எத்தனை அடி அகலம்? மிஷினுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா? ஆபரேட்டரிடம் உரிமம் இருக்கிறதா, அல்லது அவர் அனுப்பிய பையனா ஓட்டப் போகிறான்? கேபிளோ சுவரோ சேதமானால் யார் பொறுப்பு? இதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். "வேலைக்கு வந்தவர் அஜாக்கிரதை" என்று நீங்கள் கை கழுவிவிட முடியாது. அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை. உங்கள் அலட்சியமும் அதில் விசாரிக்கப்படும்.

மண் சரிந்துவிட்டால்...

முதலில் எல்லா மிஷினையும் நிறுத்துங்கள், அதிர்வே அடுத்த சரிவைக் கொண்டுவரும். 112-க்கோ தீயணைப்புத் துறையின் 101-க்கோ, 108-க்கோ உடனே அழையுங்கள். யாரையும் குதிக்க விடாதீர்கள். காப்பாற்றப் போனவர் மேல் இரண்டாவது சரிவு விழுவது வழக்கமாக நடப்பது. விளிம்பில் கூட்டம் நிற்கக் கூடாது. பலகை போட்டுப் பாரத்தைப் பரப்பிக்கொண்டு, எட்டும் தூரத்திலிருந்து முகத்தையும் மார்பையும் மட்டும் கையாலும் சிறு பாத்திரத்தாலும் விடுவிக்கப் பாருங்கள். பக்கெட்டை உள்ளே விடாதீர்கள். கயிறு கட்டி இழுக்காதீர்கள். நீண்ட நேரம் நசுங்கிக் கிடந்தவர் வெளியே வந்து நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். நசுங்கிய தசையிலிருந்து இறங்கும் நச்சு சிறுநீரகத்தையும் இதயத்தையும் பிறகு தாக்கும்.

முடிவாக...

இடுப்புக்குக் கீழே ஆழம், வீட்டு மனை அளவு நீளம் என்றால் ஆள் வைத்தே தோண்டுங்கள். நீளம் அதிகம், ஆழம் குறைவு, குழாய் மட்டும் பதிக்க வேண்டும் என்றால் ட்ரெஞ்சர். கல் தரை என்றால் மினி ஹிட்டாச்சி. எந்த மிஷின் வந்தாலும் ஆழத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள், ஆபரேட்டர் அல்ல. நெஞ்சளவுக்கு மேல் என்றாலும், மண் இளக்கமாக இருந்தால் அதற்குக் குறைவு என்றாலும், முட்டுக் கொடுக்காமல் ஒருவரையும் இறக்காதீர்கள். கூலிக்கு வந்தவர் "பழக்கம்தான் சார்" என்று சொன்னாலும் இறக்காதீர்கள். அன்றே பள்ளத்தை மூடுங்கள். மூட முடியாவிட்டால் சுற்றிலும் கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டி, ராத்திரிக்கு ஒரு விளக்கும் போட்டுவிடுங்கள்.